திருப்பி ஊற்றிய மூன்று குடம்

கள்ளிக்குப்பத்தில் வேம்புலியம்மாளின் வரிசை வீட்டில் எட்டு போர்ஷன். எட்டுக்கும் நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம், மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒயர் பின்னிய நாற்காலி, நாற்காலியில் வேம்புலியம்மாள். காலையில் மோட்டார் போடுவதும் அவள்தான், எந்த வீட்டுக்கு எத்தனை குடம் போகிறது என்று பார்ப்பதும் அவள்தான். ஆளுக்கு மூன்று குடம். அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியார்கூட நடுவில் ஒரு கொட்டாவி விடுவார், அந்த நேரத்தில் இரண்டு பேர் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விடலாம். வேம்புலியம்மாள் கொட்டாவி விட்டதை அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை.

கடைசி போர்ஷன் லூர்தம்மாளுடையது. எண்பத்தாறாம் வருஷம் குடிவந்தவள். புருஷன் கிறிஸ்துராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. தகரத்தை உள்ளே வைத்தால் மெஷின் ஓங்கி ஒரு குத்து விடும், வெளியே எடுத்தால் வாஷர். அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து வீட்டில் பேசவே மறந்துபோன மனுஷன். கையில் ஒரு குழந்தை, சார்லஸ். ஆக மூன்று பேர், ஒன்பது குடம். கணக்கில் ஒரு குறையுமில்லை.

ஆனால் காலையில் ஒன்பது குடம் எடுத்துக்கொண்டு போகிற லூர்தம்மாள், சாயந்தரம் அதில் மூன்றைத் திருப்பிக் கொண்டுவருவாள். ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்து, வேம்புலியம்மாள் நாற்காலியில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, துணி கட்டி மூடிவைத்த நல்ல தண்ணீரை மறுபடி தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பிப் போவாள். மழையா, வெயிலா, கிறிஸ்துமஸா, எதுவானாலும் சரி.

வாங்கின கடனையே திருப்பாத ஊரில் வாங்கின தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறவளைப் பார்த்தால் வரிசை சும்மா இருக்குமா? அவளுக்கு சொட்டு என்று பேர் வைத்தது. மூன்றாவது போர்ஷன் உத்தமன் தினம் அந்த நேரத்துக்குத்தான் மொபெட்டைத் துடைக்க வெளியே வருவான்.

"இன்னாக்கா, சரக்கு புடிக்கலியா? ரிட்டன் குடுக்கறியே," என்பான்.

லூர்தம்மாள் சிரித்துவிட்டுப் போவாள். ஆரம்பத்தில் அந்த மூன்று குடத்தை அவள் எடுக்காமலே விட்டுப் பார்த்தாள். எடுக்காததை எல்லாம் இந்த உத்தமன்தான் அள்ளிக்கொண்டு போய் மொபெட்டைக் குளிப்பாட்டினான். தான் மிச்சம் பிடிக்கிற தண்ணீரில் ஒரு மொபெட் பளபளப்பதைப் பார்த்த பிறகுதான், எடுத்துக்கொண்டு போய், மிச்சம் பிடித்து, வீட்டுக்காரியின் கண்ணெதிரே திருப்பி ஊற்றுவது என்ற யோசனை அவளுக்கு வந்தது. பார்க்க வேண்டியவள் பார்க்க வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான்.

மிச்சம் பிடிப்பது என்றால் இப்படி அப்படி இல்லை. அரிசி கழுவின தண்ணீரில் கீரை அலசுவாள், கீரை அலசின தண்ணீரில் பாத்திரம் ஊறும், பாத்திரம் ஊறின தண்ணீர் கழுவுகிற இடத்துக் கல்லைக் கழுவிவிட்டுத்தான் சாக்கடைக்குப் போகும். சாக்கடைக்குப் போகும்போது அந்தத் தண்ணீருக்கே களைப்பாக இருக்கும். சார்லஸை அகலமான அலுமினியத் தட்டில் நிற்கவைத்துக் குளிப்பாட்டி, தட்டில் நின்ற தண்ணீரில் அவன் துணிகளைக் கசக்குவாள். கிறிஸ்துராஜ் ஷிப்டு முடிந்து கம்பெனிக் குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். கேட்டில் இருந்த வாட்ச்மேன், ஈரத் தலையோடு வெளியே வருகிற இந்த ஆளைக் கொஞ்ச நாள் சந்தேகமாகப் பார்த்தான். அப்புறம் அவனும் விட்டுவிட்டான்.

கரண்டும் அப்படித்தான். ஒவ்வொரு போர்ஷனுக்கும் வாசலுக்கு மேலே ஒரு சப் மீட்டர். சமையல் இடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரின் உச்சியில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது. லூர்தம்மாள் ஒயரை நீட்டி பல்பை அந்த ஓட்டையில் உட்காரவைத்தாள். பாதி வெளிச்சம் அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். ஃபேன் சார்லஸ் தூங்கும் வரைக்கும்தான் சுற்றும். சட்டைக்கு இஸ்திரி என்றால் சொம்பில் அடுப்புத் தணலைப் போட்டுத் தேய்ப்பாள். சோறு பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, பானையைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிடுவாள். மீதியை அது தானே பார்த்துக்கொள்ளும். மீட்டருக்குள் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. அந்தக் கோடு ஒரு தடவை மறைந்தால் மறுபடி வருவதற்குள் அவள் ஒரு ஜெபமாலையே சொல்லி முடித்துவிடலாம் என்று வரிசையில் பேச்சு.

ஒரு தடவை ரீடிங் எடுத்த வேம்புலியம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மீட்டர் நின்றுபோச்சு என்று எலக்ட்ரீஷியன் நாகப்பனைக் கூட்டிவந்தாள். நாகப்பன் ஸ்டூல் போட்டு ஏறி, கழற்றி, ஊதி, மாட்டி, கீழே இறங்கினான்.

"மீட்டர் நல்லா ஓடுதும்மா. இந்த ஊட்ல ஆளுங்கதான் ஓடல," என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. லூர்தம்மாளும் சிரித்தாள். இவ்வளவும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கஞ்சத்தனத்துக்குக் காரணம் கேட்கிற வழக்கம் எங்கேயும் இல்லையே. மூக்கு நீளமாக இருப்பது மாதிரி, சிலருக்கு அது இருக்கும்.

காரணம் ஆவடியில் இருந்தது. அதற்கு வயது ஐந்து. பெயர் அருள்செல்வி.

கள்ளிக்குப்பத்துக்கு வருமுன் அவர்கள் வானகரத்தில் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் திடீரென்று காலிபண்ணச் சொல்லி, சொன்ன தேதிக்குள் வேறு வீடு கிடைக்காததால் ஒருநாள் சாமான்களை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டார். அண்டா குண்டா எல்லாம் தெருவில், பச்சைப் பிள்ளையோடு லூர்தம்மாள் திண்டாட, மூத்தவள் அருள்செல்வி மட்டும் ரொம்பக் குஷியாக அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தெருவில் போன ஒவ்வொருவரும் தன் அடுப்பங்கரைச் சாமானைப் பார்த்துக்கொண்டே போனதை லூர்தம்மாளால் மறக்கவே முடியவில்லை. தெரிந்தவர் ஒருவரின் கார் ஷெட்டில் ஒண்டிக்கொண்டு வீடு தேடினார்கள். மாங்காடு வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். எங்கே போனாலும் முதல் கேள்வி எத்தனை பேர். நாலு என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் கிணற்றடிப் பக்கம் திரும்பும். தண்ணி பத்தாதும்மா என்பார்கள். கைக்குழந்தை என்றால் இன்னும் மோசம், துணி துவைக்கிற கணக்கில் அது இரண்டு ஆளுக்குச் சமம்.

கடைசியாகத்தான் கள்ளிக்குப்பம். வேம்புலியம்மாள் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்டாள். கிறிஸ்துராஜ் குளிரில் கிளம்புகிற ஸ்கூட்டர் மாதிரி, நாலு உதை உதைத்தால்தான் வாயிலிருந்து பேச்சு வரும். அதற்குள் லூர்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"மூணு பேரும்மா."

வேம்புலியம்மாள் தாடையால் கீழே காட்டினாள். "இது?"

அருள்செல்வி அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இது என் நாத்தனார் பொண்ணும்மா. ஆவடில கீறாங்க. சும்மா கூட வந்திச்சு."

சொல்லும்போதே சுண்டுவிரலில் பிடி தளர்வது அவளுக்குத் தெரிந்தது. வேம்புலியம்மாளின் பார்வை லூர்தம்மாளின் கழுத்திலிருந்த ஜெபமாலையில் வந்து நின்றது.

"நீங்க வேதக்காரங்க. பொய் சொல்லமாட்டீங்கன்னு நம்பி உடறேன். ஒரு தல கூடிச்சு, சாமான் தெருவுக்கு வந்துரும், ஆமா."

திட்டியிருந்தால் தேவலாம். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டாளே. லூர்தம்மாளுக்கு அது நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

அங்கிருந்து ஆவடிக்குப் போகும்போது பஸ்ஸில் அருள்செல்வி கேட்டாள், நான் ரோஸி அத்தை பொண்ணா என்று. அந்த அம்மா முன்னால் மட்டும்தான், கொஞ்ச நாளைக்குத்தான் என்று லூர்தம்மாள் சொன்னாள். அது ஒரு விளையாட்டு, அந்த அம்மா இருக்கும்போது நீ என்னை அத்தை என்று கூப்பிட வேண்டும், தப்பாகக் கூப்பிட்டால் அவுட்டு. பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. ஆவடி வருகிற வரைக்கும் அத்தே, அத்தே என்று கூப்பிட்டு, கூப்பிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ரோஸி கிறிஸ்துராஜின் அக்கா. அவள் புருஷனுக்கு ஆவடி ஃபேக்டரியில் உத்தியோகம், குவார்ட்டர்ஸில் வீடு. பிள்ளையில்லை. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர், மூடினால் நின்றுவிடும். சில நாள் மூடினாலும் நிற்காது. மீட்டரும் இல்லை, வேம்புலியம்மாளும் இல்லை. கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி என்று சொல்லி லூர்தம்மாள் பிள்ளையை விட்டுவந்தாள்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? அதைத்தான் அவள் குடத்தால் அளந்துகொண்டிருந்தாள். மூன்று பேர் ஆறு குடத்தில் வாழ்ந்து காட்டிவிட்டால், மிச்சம் மூன்று குடம் அருள்செல்வியுடையது. இந்தா, இவளுக்கான தண்ணீரை நான் இத்தனை நாளாக உனக்கே திருப்பி ஊற்றியிருக்கிறேன், இவளால் உனக்கு ஒரு சொட்டு நஷ்டமில்லை என்று ஒருநாள் தலை நிமிர்ந்து கேட்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னபோது, இவ்வளவு சுற்றுவழி எதற்கம்மா, நேரே போய் உண்மையைச் சொல்லிவிடு என்றார். அவருக்கென்ன, அவர் இருப்பது பங்குச் சாமியார் வீடு. வாடகையா, வீட்டுக்காரியா? பரிகாரமாக அவர் கொடுத்த ஜெபங்களைச் சொல்லி முடித்தாள். உண்மையைச் சொல்வதை மட்டும் தள்ளிவைத்தாள். வாயைத் திறக்கப்போகும்போதெல்லாம் தெருவில் கிடந்த அண்டா கண்ணில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆவடி பஸ். ஆரம்பத்தில் அருள்செல்வி இவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் ரோஸி தூக்கிவந்து பிய்த்தெடுக்க வேண்டும். அப்புறம் வாசல் வரைக்கும் வந்தாள். அப்புறம் கொல்லைக் குழாயடியில் ஜட்டியோடு ஆடிக்கொண்டே கையை மட்டும் ஆட்டினாள். குழாய் முழுசாகத் திறந்து கிடக்கும். லூர்தம்மாளின் கை அதை மூடத் துடிக்கும், துடித்த கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். ரோஸி மூடச்சொல்லி அதட்டுவாள், பிள்ளை கேட்காது. "இருங்கம்மா," என்று ஒருநாள் சொன்னது. ரோஸியைத்தான் சொன்னது. ரோஸி சட்டென்று லூர்தம்மாளைப் பார்த்தாள். லூர்தம்மாள் குழாயைப் பார்த்தாள்.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையை ஒருநாள் கள்ளிக்குப்பத்துக்கு அழைத்துவந்தார்கள். விருந்தாளி வரலாமே. வேம்புலியம்மாள் கடைசி போர்ஷன் வாசலுக்கே வந்து கூப்பிட்டு, முறுக்குக் கொடுத்து உன் பேர் என்ன என்று கேட்டாள். சொன்னாள். உங்க அம்மா பேர் என்றாள்.

"ரோஸி," என்றாள் அருள்செல்வி, தண்ணீர் பட்ட சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு. பிறகு சமையல் இடத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக் காட்டினாள். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டது, அவளுக்கு ஒரு கண் மட்டும் மூட வராது. பாஸாகிவிட்டோம் என்று லூர்தம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கும் முறுக்கும் கேள்வியும் பதிலும் இருந்தன. கண்ணை மூடிக் காட்டுவது மட்டும் இல்லை.

இரண்டாவது கோடையில் போர்க்குழாயில் தண்ணீர் அடிக்குப் போயிற்று. மோட்டார் போட்டால் இருமும், கொஞ்சம் சேறு துப்பும், மறுபடி இருமி அப்புறம்தான் தண்ணீர் விடும். வேம்புலியம்மாள் கோபத்தோடு போர்ஷன் போர்ஷனாக ஏறி இறங்கி, இன்னொரு தடவை தண்ணீர் வழிந்தால் ஆளுக்கு இரண்டு குடமாக்கிவிடுவேன் என்று கத்திக்கொண்டே வந்தாள். உத்தமனின் மொபெட்டுக்குத் தனியாகத் திட்டு. கடைசி போர்ஷனுக்கு வந்தபோது கத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மூலையில் வரிசையாக மூன்று குடம், வெள்ளைத் துணி கட்டி, கோயிலில் வெள்ளை உடுத்தி முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்ன மாரி நாலு பேரு குடியிருந்தா நான் ஏண்டி இந்தக் கத்து கத்தப்போறேன்," என்றாள்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று லூர்தம்மாளுக்குத் தெரிந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று பேர் இல்லை, நாலு பேர். அது நாத்தனார் பெண் இல்லை, என் பெண். இந்த மூன்று குடம் அவளுடையது. நீங்கள் நம்புகிறேன் என்று சொன்னதால் அந்தப் பொய்யை மெய்யாக்கிவிட்டுத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

வேம்புலியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. நாத்தனார் பொண்ணுக்கு ஒன் மூக்கு எங்கேந்து வரும்? ஒரு மாசத்துல நீயே கூட்டியாந்துருவேன்னு நெனச்சேன். எல்லாரும் அதானே பண்றாளுங்க. மூணுன்னு சொல்லிகினு வருவாளுங்க, அப்பால பாத்தா அஞ்சா கீறாளுங்க. நானும் ரெண்டு நாளு கத்துவேன், உட்டுருவேன். உத்தமன் ரெண்டு பேருன்னான். இப்ப எண்ணிப் பாரு, ஆறு பேரு கீறான். நீ கூட்டியாரவே இல்ல. செரி, நெசமாவே நாத்தனார் பொண்ணுதான் போலகீதுன்னு உட்டுட்டேன்."

காலிச் சொம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "போய்க் கூட்டியாடி கொயந்தய," என்றாள்.

வகுப்பு முழுக்கக் காப்பியடித்து எழுதிப் பாஸான பரீட்சையை, தான் மட்டும் இராப்பகலாகப் படித்து எழுதி ஃபெயிலானவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள் லூர்தம்மாள். அன்று சாயந்தரமும் பழக்கதோஷத்தில் முதல் குடத்தைத் தூக்கிவந்துவிட்டாள். தொட்டிவரைக்கும் வந்த பிறகுதான் ஞாபகம் வந்து திருப்பிக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. கிறிஸ்துராஜும் அவளும் ஆவடிக்குப் போனார்கள். ரோஸி எல்லாவற்றையும் மடித்துப் பையில் வைத்திருந்தாள். கவுன்கள், ரிப்பன், பவுடர் டப்பா, கண் மூடித் திறக்கிற பொம்மை. சண்டை ஒன்றும் இல்லை. உன் பிள்ளையை நீ கூட்டிப்போகாமல் வேறு யார் கூட்டிப்போவார்கள் என்றாள். பஸ் வந்த பிறகு மட்டும், படிக்கட்டில் கால் வைத்த லூர்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைக்கு ஊத்தினா அதுக்கு ரெண்டு பக்கெட்டு கேக்கும், லூர்து. கத்தாத."

கத்துவாளா? மறுநாள் காலையில் வேம்புலியம்மாள் தானாகவே பன்னிரண்டு குடம் என்று உரக்கச் சொல்லி எண்ணி அனுப்பினாள். லூர்தம்மாள் அருள்செல்வியின் மூன்று குடத்தையும் குளிக்கிற மறைப்புக்குள் கொண்டுபோய் வைத்தாள். புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள், எல்லாம் உன் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆவடிக் குழாயடியில் கேட்கிற மாதிரி, தடதடவென்று, வரிசைக்கே கேட்கிற மாதிரி.

ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை ஈரமாக வெளியே வந்தது. லூர்தம்மாள் எட்டிப் பார்த்தாள். அலுமினியத் தட்டில் அழகாக நின்று குளித்திருக்கிறது. தட்டில் மிஞ்சின தண்ணீரை ஓரமாக எடுத்தும் வைத்திருக்கிறது. இரண்டு குடம் கட்டின துணி அவிழாமல் அப்படியே நின்றது. மூன்றாவதில் இரண்டு சொம்பு குறைந்திருந்தது.

"ஏன் கண்ணு, இவ்ளோதானா ஊத்திக்கினே?"

"அத்தே ஊட்ல தண்ணி கஷ்டம், வேஸ்ட் பண்ணாதேன்னு அம்மா சொன்னாங்க."

இனிமேல் அத்தை என்று கூப்பிட வேண்டாம், விளையாட்டு முடிந்துவிட்டது, வீட்டுக்கார அம்மாவுக்கும் தெரியும் என்று லூர்தம்மாள் சொன்னாள். அருள்செல்வி சரி என்று தலையாட்டினாள். அது எதற்கும் தலையாட்டியது. அம்மா என்று கூப்பிடவும் செய்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி நின்று யோசித்தது. வேகமாகக் கூப்பிட வேண்டி வந்தால் அத்தை என்றுதான் வந்தது. சார்லஸைத் தூக்கி வைத்துக்கொண்டது, அவனோடு மட்டும் சிரித்தது. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டது, போதும் என்றால் நிறுத்தியது. சொம்பில் தண்ணீர் எடுக்கும் முன்னால் எடுத்துக்கட்டுமா என்று கேட்டது. அடம் பிடித்திருந்தால், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால், இரண்டு சாத்து சாத்திவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். இப்படி மரியாதையாக இருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

சாயந்தரம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடும். எங்கேயும் போகாது. தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விளக்கு வைத்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வரும். பொம்மையைப் பையிலிருந்து அது எடுக்கவே இல்லை.

"பழகிடும்," என்றான் கிறிஸ்துராஜ். அந்த வாரத்தில் அவன் பேசினது அது ஒன்றுதான்.

லூர்தம்மாளும் அதையே நம்பப் பார்த்தாள். சுவர் ஓட்டையிலிருந்த பல்பை எடுத்துக் கூடத்தின் நடுவில் தொங்கவிட்டாள், சமையல் இடத்துக்குத் தனியாக ஒரு பல்பு வாங்கினாள். பிள்ளை தூங்கின பிறகும் ஃபேனை ஓடவிட்டாள். மீட்டருக்குள் கறுப்புக் கோடு பாய்ந்து பாய்ந்து வந்தது. அதை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், தலைக்கு எண்ணெய் வைத்து, புதுக் கவுன் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரி. பிள்ளையை அருகே நிற்கவைத்து வாய்ப்பாடு கேட்டார், சொன்னாள். தமிழில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார், படித்தாள். லூர்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் படிக்கிறாளே, யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தவள், யார் என்று தெரிந்ததும் நினைப்பை நிறுத்திக்கொண்டாள்.

"கெட்டிக்காரி. உங்க அம்மா பேர் என்ன?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

அருள்செல்வி வாயைத் திறந்தாள், மூடினாள். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தாள். இவரும் வீட்டுக்காரி மாதிரியா, இல்லையா? அது அவளுக்குத் தெரியவில்லை. லூர்தம்மாளின் பக்கம் திரும்பி, முந்தானையை லேசாக இழுத்து, காதுக்குக் கிட்டே வரச்சொல்லிக் கேட்டாள்.

"எத சொல்லணும், அத்தே?"

குறும்பில்லை, கோபமில்லை. தப்பாகச் சொன்னால் அத்தை வீட்டுச் சாமான் தெருவுக்கு வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அந்தக் கண்ணில் இருந்தது. இரண்டு வருஷமாகத் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்த அதே பயம் என்று லூர்தம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவள் தன் பிள்ளைக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ரோஸி கொடுத்தது.

லூர்தம்மாள் எழுந்துகொண்டாள்.

"அவங்கம்மா பேரு ரோஸி, டீச்சர். ஆவடில கீறாங்க. நான் அவ அத்தே. இந்த வருசம் இங்க படிக்க வைக்கலாம்னு பாத்தோம். வேணாம், அங்கயே படிக்கட்டும்."

சுண்டுவிரலை ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொண்டது. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. சந்தோஷத்தில் பிடித்தது. பள்ளிக்கூடத்து வாசல் தாண்டி, தெரு தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தப் பிடி தளரவே இல்லை. பஸ்ஸில் அருள்செல்வி வாயோயாமல் பேசிக்கொண்டு வந்தாள். சார்லஸையும் ஆவடிக்குக் கூட்டிவாருங்கள், அவனுக்குக் குழாயில் விளையாடக் கற்றுத்தருகிறேன் என்றாள். லூர்தம்மாள் சரி என்றாள். எதற்கும் தலையாட்டினாள்.

பிள்ளையை ரோஸியிடம் விட்டுவிட்டு வீடு திரும்பினபோது சாயந்தரம். காலையில் எடுத்துவைத்த பன்னிரண்டு குடத்தில் மூன்று தொடாமலே நின்றது. அவள் துணியை அவிழ்த்தாள். முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். உத்தமன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவன், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"இன்னாடி இது?" என்றாள் வேம்புலியம்மாள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "நாலு பேருக்குத்தானே எண்ணி அனுப்பினேன்? யாருடி ஒன்ன திருப்பி ஊத்தச் சொன்னது?"

லூர்தம்மாள் குடத்தைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பிடித்திருந்தாள்.

"மூணு பேருதாம்மா நாங்க," என்றாள்.

மீதி இரண்டு குடத்தையும் கொண்டுவந்து ஊற்றினாள்.

மறுநாள் ஒன்பது குடம் எடுத்துப்போனாள். வாசலைக் கழுவினாள், கூடத்தைக் கழுவினாள், சுத்தமாக இருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி தேய்த்துக் கழுவினாள். ஒன்பது குடமும் தீர்ந்தது. வேம்புலியம்மாள் இருட்டுகிற வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்து கடைசி போர்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு யாரும் வரவில்லை. பிறகு எழுந்துபோய் மோட்டார் ரூமைப் பூட்டினாள்.